சாத்தன் பூதியின் கோயில்

நார்த்தாமலைக்குப் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில் சுமார் 17 கிலோமீட்டர். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் பக்கத்து மேலமலையில் ஏறியிருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். ஏறுவது பெரிய கஷ்டமில்லை. மொட்டைப் பாறைச் சரிவு. வழியில் ஒரு சுனை. அதற்குள் ஒரு லிங்கம் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. அதையும் தாண்டிப் போனால், விஜயாலய சோழீஸ்வரம்.

நான் போயிருந்தபோது ஒரு குடும்பம் படமெடுத்துக்கொண்டிருந்தது. அப்பா பையனிடம், ‘இது ராஜராஜனோட தாத்தாவுக்குத் தாத்தா கட்டினதுடா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் என்னைப் பார்த்து, ‘அப்படியா சார்?’ என்றான். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கட்டடம். கருவறை வட்டம். அதைச் சுற்றியிருக்கும் சுவர் சதுரம். தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கை அபூர்வம். மேலே விமானம் நாலு தளம். கீழ் மூன்றும் சதுரம், நாலாவது வட்டம், அதற்கு மேல் கழுத்தும் சிகரமும் வட்டம். அதாவது உள்ளே இருட்டில் லிங்கத்தைச் சுற்றியிருக்கிற வட்டத்தை வெளியே யாரும் பார்க்க முடியாது. ஆனால் உச்சியில் அதே வட்டம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. ரொம்ப யோசித்திருக்கிறார்கள். அத்தனையும் கல், உச்சி வரைக்கும்.

சுவரைப் பாருங்கள். தஞ்சாவூர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏமாற்றமாக இருக்கும். கோஷ்டம் கிடையாது, தட்சிணாமூர்த்தி, துர்க்கை என்று யாரும் நிற்கவில்லை. வெறும் அரைத்தூண்கள். ஆட்டம் பாட்டமெல்லாம் மேலே தளத்து விளிம்பில்தான். இதைச் சிலர் ‘ஆரம்பகாலத்து எளிமை’ என்று ஏதோ சின்ன வகுப்புப் பையனின் கையெழுத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சுற்றிலும் பொட்டல் பாறை, மேலே ஆகாயம். இந்த இடத்தில் சுவரை நிறைத்திருந்தால் அதிகப்படியாகத்தான் இருந்திருக்கும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஆள் கட்டியது. சுற்றி எட்டுச் சிறுகோயில்கள் இருந்திருக்கின்றன, ஆறு மிச்சம். பெரிய கோயில் மேற்கே பார்க்க, இவையெல்லாம் அதைப் பார்த்தபடி.

யார் அந்த ஆள்? இதற்குத் தொல்லியல் பட்டமெல்லாம் வேண்டாம், கோயிலே சொல்கிறது. வாசலில் துவாரபாலகர் ஒருவரின் பீடத்துக்குக் கீழே ஒரு கல்வெட்டு. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்பது சாரம். அவ்வளவுதான். விஜயாலயனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

சாத்தன் பூதியைப் பெரும்பாலோர் முத்தரையர் தலைவன் என்கிறார்கள். விஜயாலயன் 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சாவூரைப் பிடித்துச் சோழர் கதையைத் தொடங்கியவன். பிடித்தது முத்தரையரிடமிருந்து என்பது பரவலான கருத்து. ஊரை இழந்தவர்களின் கோயிலுக்கு, ஊரைப் பிடித்தவனின் பெயர்! விஜயாலயன் காலத்தில், அவன் மேலாட்சியில் கட்டியிருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எஸ்.ஆர். பாலசுப்ரமணியம் போன்றவர்கள் இதை முற்சோழர் கோயில் வரிசையிலேயே வைத்தார்கள். இருக்கட்டும். அப்போதும் கட்டியவன் பூதிதானே?

இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய ஆங்கிலிக்கன் சர்ச்சுகள் பலவற்றில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். எழுநூறு எண்ணூறு வருஷமாக அங்கே இருந்த பாதிரியார்களின் பெயர்கள் வரிசையாக. அதில் முக்கால்வாசிப் பேர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். கோபுரம் எந்தப் புயலில் விழுந்தது, யார் காசு போட்டு எடுத்துக் கட்டினார்கள் என்பதை அந்த ஊர் ரிடையர்டு வாத்தியார் ஒருவர் சின்னப் புத்தகமாகப் போட்டிருப்பார். நம்மிடம் கல்லிலேயே எழுதி வைத்தும் ராஜா பெயரைச் சொன்னால்தான் நமக்குத் திருப்தி. ஒன்று ராஜராஜன், இல்லாவிட்டால் அவன் தாத்தா.

எனக்கு இந்த மல்லன் விடுமனை ரொம்பப் பிடித்துவிட்டது. இடிந்த கோயிலைச் செலவு செய்து எடுத்துக் கட்டியவன், ‘நான் கட்டினேன்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? முதலில் கட்டியவன் பெயரைப் போட்டு, இடிந்ததையும் சொல்லி, அப்புறம்தான் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். இன்றைக்கு நாலு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர்கள் நாலிலும் பெயர் எழுதுகிறார்கள். கும்பாபிஷேகம் என்று மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்து கல்வெட்டையே மழுங்க வைத்த கோயில்களும் உண்டு.

அதே பாறையில், சில அடி தள்ளி, ஒரு சின்னக் குடைவரை: பழியிலி ஈஸ்வரம். பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையரின் மகன் சாத்தன் பழியிலி குடைந்தது. அவன் மகள் பழியிலி சிறிய நங்கை முன்மண்டபமும் நந்தியும் பலிபீடமும் செய்து வைத்தாள். அவள் கணவன் பெயரைக் கவனியுங்கள்: மீனவன் தமிழதியரையன் என்கிற மல்லன் அனந்தன். நம்ம ஆள் மல்லன் விடுமனும் தமிழதியரையன்தான். சொந்தக்காரர்களா? பெயர்கள் அப்படித்தான் சாடை காட்டுகின்றன. இங்கே குடைந்தவனும் சாத்தன், அங்கே கட்டியவனும் சாத்தன். அப்பா குடைந்ததை மகள் விரிவாக்க, பக்கத்தில் இடிந்ததை இன்னொருவன் எடுத்துக் கட்ட... மொத்தத்தில் இது ஊர்க்காரர்கள் சமாசாரம்.

போவதானால் சாயங்காலம் போங்கள். மேற்கு பார்த்த கோயில், வெயில் நேராக வாசலுக்கு வரும். துவாரபாலகர் முகத்தைப் பார்த்தது போதும் என்று திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து, காலடியில் பாருங்கள்.