எட்டு நொடி வயலின்

கிங் கிரிம்ஸன் ராக் குழுவின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்ஸன் கிங்' ஆல்பத்தை முதன்முறை ஹெட்போனில் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்வார்கள். தொடக்கத்தில் ஏதோ பழைய துருத்தி மூச்சு வாங்குவதுபோல மெல்லிய ஓசை மட்டும் வரும். ஒன்றும் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டுவோம். அப்போது பார்த்து கிதாரும் சாக்ஸபோனும் சேர்ந்து காதில் ஓங்கி அறையும். நானும் வாங்கியவன்தான்.

1969 கோடையில் லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவில் எட்டு டிராக் டேப்பில் பதிவான ஆல்பம். அவர்கள் ஆசைக்கு எட்டு எம்மாத்திரம்? எட்டும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் சுருக்கி அடக்கிவிட்டு, காலியான டிராக்குகளில் மேலும் மேலும் வாசித்தார்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற கதைதான். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கொஞ்சம் ஏறும், சிம்பலின் விளிம்பு கொஞ்சம் மழுங்கும்.

2009-இல் போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன், கிங் கிரிம்ஸனின் கிதாரிஸ்ட் ராபர்ட் ஃபிரிப்புடன் உட்கார்ந்து, நகலாவதற்கு முந்தைய மூலப் பதிவுகளை எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று இழை பிசகாமல் பொருத்தி, புதிதாகக் கலந்தார். 2019-இல் மறுபடியும் ஒருமுறை. பேச்சுவழக்கில் இதையும் ரீமாஸ்டர் என்றே சொல்லிவிடுகிறோம். ரீமாஸ்டர் என்பது இறக்கிவைத்த குழம்பில் உப்பு பார்ப்பது. இது காயை மீண்டும் நறுக்கி உலையேற்றிய சமையல்.

வித்தியாசம் எங்கே என்று கேட்டால், முதல் பாட்டின் நடுவே நால்வரும் ஒரே ஸ்வரவரிசையைத் தலைதெறிக்க ஓட்டி, சட்டென்று நின்று, மறுபடி ஓடும் இடத்தைக் காட்டுவேன். பழைய சிடியில் அந்த நிறுத்தங்களில் ஒரு புழுதி படிந்திருக்கும். இப்போது வெட்டிய இடம் வெட்டியதாகவே நிற்கிறது. மைக்கேல் ஜைல்ஸின் ஸ்னேர் டிரம்மில் குச்சி விழுவதும், தோல் அதிர்வதும் இரண்டு தனித்தனிச் சங்கதிகளாகக் கேட்கின்றன.

ஆனால் என்னை உட்காரவைத்தது 'எபிடாஃப்' பாட்டின் மெல்லட்ரான் என்னும் கீபோர்ட். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அதில் நிஜ வயலின்கள் முன்பே பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், எட்டு நொடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். ஆக, இயன் மெக்டொனால்ட் வாசித்தது வயலினை அல்ல, வயலினின் நினைவை. துல்லியம் கூடக்கூட வயலின் நிஜமாகும் என்று நினைத்தேன். கூடியது டேப்பின் தள்ளாட்டம்: சுருதி லேசாக நடுங்குகிறது, ஒரு கூட்டுஸ்வரத்தின் ஒவ்வொரு கட்டையும் இம்மியளவு வெவ்வேறு நேரத்தில் மூச்செடுக்கிறது. பிரம்மாண்டமான வாத்தியக்குழு என்று இத்தனை வருடம் நம்பியது ஒரு திணறும் பெட்டி. இப்போதுதான் அது இன்னும் சோகமாக இருக்கிறது.

ஹை-ரெஸ் பதிப்பின் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்கிற எண்களுக்கா இந்தப் பெருமை? எனக்கு நம்பிக்கையில்லை. சாதாரண சிடியே 22 கிலோஹெர்ட்ஸ்வரை கொண்டுவரும்; என் வயதுக் காது அதற்கு வெகு முன்பே கடையைச் சாத்திவிடுகிறது. இதே கலவையைச் சிடி தரத்துக்கு இறக்கி மாற்றி மாற்றிக் கேட்டேன். எது எதுவென்று துணிந்து சொல்ல முடியவில்லை. நகலாகாத மூல டேப் செய்த வேலைக்கான பெயரை எண்கள் தட்டிக்கொண்டு போகின்றன. ஹை-ரெஸ் வாங்கும் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. 'மூன்சைல்ட்' 12 நிமிடம். பாட்டு சீக்கிரமே முடிந்துவிட, மீதியில் வைப்ரஃபோனும் கிதாரும் சிம்பலும் இருட்டில் ஒன்றையொன்று தடவித் தேடும். பலர் தாண்டிப்போகும் பகுதி. 2009 பதிப்பில் இதில் சில நிமிடங்களை வெட்டிவிட்டு, முழு வடிவத்தைத் தனியே பின்னிணைப்பாகத் தந்தார்கள். நான் கேட்பது அந்தப் பின்னிணைப்பைத்தான். விளக்கணைத்து, மின்விசிறியையும் நிறுத்தினால்தான் பிடிபடும். ஜைல்ஸ் சிம்பலின் ஓரத்தை மெல்லத் தொடுகிறார். அது தேய்ந்து தேய்ந்து, கடைசியில் டேப்பின் மெல்லிய உஸ்ஸோடு கலக்கிறது. எந்த இடத்தில் சிம்பல் முடிந்து டேப் தொடங்குகிறது என்று பலமுறை தேடிவிட்டேன். வியர்த்துப்போய் எழுந்து விசிறியைப் போடுகிறேன்.