மூலையில் விடுபட்ட சதுரம்

‘பிளஸ் அந்தப் பக்கம் போனால் மைனஸ்.’ நம்மில் பலருக்கும் இயற்கணிதம் இந்த ஒரு வரியில்தான் அறிமுகமானது. சமன்பாட்டை ரசிக்க வேண்டுமானால் முதலில் இதை மறக்க வேண்டும். அங்கே எதுவும் எங்கும் போவதில்லை.

வேல்ஸில் பிறந்த ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் சமக்குறியை அறிமுகப்படுத்தினார். நீளமான இரண்டு இணைகோடுகள். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் உலகில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் குறியோடு அவர் எழுதிய முதல் சமன்பாடு: 14 எக்ஸ் + 15 = 71.

பேனாவை எடுக்குமுன் இதைப் படித்துப் பாருங்கள். எக்ஸ் முதலில் 14 மடங்கானது, அதன்மேல் 15 ஏறியது. கடைசியாக அடுக்கிய மூட்டையைத்தானே முதலில் இறக்க முடியும்? இரு பக்கமும் 15 இறக்கினால் 56. இரு பக்கத்தையும் 14ஆல் வகுத்தால் 4. அந்த 4-ஐத் திரும்ப எக்ஸின் இடத்தில் வையுங்கள். 56 ஆகி, 71 ஆகும். விடையைச் சரிபார்க்கும் இந்த ஒரு கணத்தைத் தவறவிடாதீர்கள்.

எக்ஸ் வர்க்கம் + 10 எக்ஸ் = 39. இங்கே மூட்டை இறக்கும் வித்தை பலிக்காது. எக்ஸ் இரண்டு இடங்களில் நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி குறிகளே இல்லாமல், எல்லாவற்றையும் சொற்களிலேயே எழுதி இந்தக் கணக்கைத் தீர்த்தார். ‘அல்-ஜப்ர்’ என்பது அவர் நூலின் பெயரிலேயே இருக்கும் சொல். குறைபட்டதை நிறைவாக்குதல் என்று பொருள். ஸ்பெயினில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரையும் இதிலிருந்து பிறந்த சொல்லாலேயே அழைத்தார்கள்.

அவர் வழியில் ஒரு படம் வரையுங்கள். பக்கம் எக்ஸ் உள்ள சதுரம். 10-ஐப் பாதியாக்கி, 5 அகலத்தில் இரண்டு பட்டைகளை அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். மொத்தப் பரப்பு 39. ஆனால் மூலையில் ஒரு பள்ளம் தெரிகிறது: ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். அதை நிரப்பினால் முழுச்சதுரம், பரப்பு 64, பக்கம் 8. பட்டையின் 5 போக எக்ஸ் 3. (-13ம் பொருந்தும், சதுரத்தின் பக்கம் குறை எண்ணாக முடியாதென்பதால் அது அவர் கணக்கில் வரவில்லை.) பள்ளிக்கூடத்தில் சூத்திரமாக மனப்பாடம் செய்தது கண்முன் வடிவமாக நிற்பதைவிட எனக்குப் பிடித்த காட்சி கணிதத்தில் குறைவு.

கட்டம் போட்ட நோட்டில் நீங்களே வரைய இன்னொன்று: எக்ஸ் வர்க்கம் + 6 எக்ஸ் = 16. சூத்திரம் வேண்டாம். மூலையில் எத்தனை கட்டம் குறைகிறது என்று எண்ணுங்கள்.