முழந்தாளிட்ட விடுதலை

கலைப்படைப்பொன்றை மதிப்பிடும்போது அதன் உள்ளடக்கத்தையே முதன்மையாகக் கொள்ளவேண்டும் என்பது முற்போக்கு விமர்சகர்கள் நெடுங்காலமாக வற்புறுத்திவந்த கொள்கை. உருவ அழகையே பேசிப் பொருளை மறைத்தோருக்கு எதிராக எழுந்த அக்கொள்கையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. எனினும், பொருள் நல்லதாயின் படைப்பும் நல்லதே என்ற எளிய முடிவுக்கு அது எம்மிற் சிலரை இட்டுச் சென்றுள்ளது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மக்களை அடக்கியாளும் எண்ணம் பொருளில் மாத்திரமன்றி உருவத்திலும் குடிகொள்ளும். சில வேளைகளில், பொருளிலிருந்து விரட்டப்பட்ட பின்னரும் அது உருவத்திலே தங்கியிருக்கும்.

இதனை விளக்குதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனிலுள்ள மூன்று சின்னங்களை எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் சுதந்திரத்தோடும் விடுதலையோடும் சேர்த்துப் பேசப்படுவன. மூன்றின் பின்னாலும் கறுப்பின மக்களின் உழைப்போ பணமோ போராட்டமோ உண்டு. ஆயினும் பாடநூல்களிலும் உல்லாசப் பயணிகளுக்கான கைந்நூல்களிலும் அம்மக்களின் கதை நெடுங்காலம் இடம்பெறவில்லை.

முதலாவது, காங்கிரஸ் கூடும் கப்பிட்டல் மாளிகை. அதன் அத்திவாரக் கல் 1793 இல் நாட்டப்பட்டது. வேர்ஜீனியாவின் அக்குவையா ஓடைக்கரையிலே அதற்கு வேண்டிய மணற்கல்லை அகழ்ந்தோரிலும், மரம் வெட்டி அறுத்தோரிலும், சுமை தூக்கியோரிலும் அடிமைகள் பலர் இருந்தனர். ஆளொருவருக்கு மாதம் 5 டொலர் அளவில் வாடகை கொடுக்கப்பட்டது. அத்தொகை சென்றது உழைத்தவனிடமன்று. அவனை உடைமையாகக் கொண்டிருந்தவனிடமே சென்றது.

மாளிகையின் குவிமாடத்து உச்சியில் 'சுதந்திரம்' என்னும் பெயருடைய வெண்கலப் பெண்ணுருவம் ஒன்று நிற்கிறது. உயரம் 19½ அடி. நிறை ஏறத்தாழ 15,000 இறாத்தல். இதனை வடிவமைத்த சிற்பி தோமஸ் குரோபர்ட், பண்டைய உரோமிலே விடுதலை பெற்ற அடிமை அணிந்த குல்லாயைச் சிலையின் தலையில் வைக்க விரும்பினார். அப்பொழுது யுத்த மந்திரியாயிருந்து கட்டட வேலையை மேற்பார்வை செய்த ஜெபர்சன் டேவிஸ் அதனை ஏற்கவில்லை. அடிமைக் குல்லாய் சுதந்திரமாகவே பிறந்த மக்களுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். குல்லாய் நீங்கிற்று, கழுகின் தலையும் இறகும் பொருந்திய தலைக்கவசம் அவ்விடத்தைப் பிடித்தது. இந்த டேவிஸே பின்னர் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவரானார். சிலையின் பெயர் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. விடுதலை பெற்ற அடிமையை நினைவூட்டும் ஓர் உறுப்பு மாத்திரம் உருவத்திலிருந்து அகற்றப்பட்டது.

அந்தச் சிலையை வார்த்தது கிளார்க் மில்ஸ் என்பவரின் வார்ப்புப் பட்டறை. அங்கே வேலை செய்தவர்களுள் ஒருவர் மில்ஸின் அடிமையான பிலிப் ரீட். சிலையின் சாந்து மாதிரியுருவைப் பிரித்தெடுக்கத் தெரிந்த இத்தாலியத் தொழிலாளி கூலியை உயர்த்தினாலன்றி வேலை செய்யேன் என்று நின்றபோது, மாதிரியுருவின் தலையிலே கயிறு கட்டிக் கப்பியால் மெல்ல இழுத்து, பொருத்துக்கள் எங்கே வெடிக்கின்றன என்று கண்டு, அதனைப் பிரிக்கும் வழியைக் காட்டியவர் ரீட் என்று மில்ஸின் மகன் பிற்காலத்திற் கூறினார். வேலைநாட்களில் ரீட்டின் கூலி எஜமானைச் சேர்ந்தது. 1860 – 61 இல் உலைநெருப்பைக் காத்துநின்ற 33 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாத்திரம், நாளொன்றுக்கு 1.25 டொலர் வீதம் 41.25 டொலர் அவர் கைக்கு வந்தது. எழுத்தறியாத அவர் அதற்குக் கீறலிட்டே பற்றுக்கொண்டார்.

1862 ஏப்ரல் 16 இல் தலைநகரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அச்சட்டம் நட்டஈடும் வழங்கிற்று. யாருக்கு? அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு! ரீட்டுக்காக மில்ஸ் 1,500 டொலர் கேட்டு 350.40 டொலர் பெற்றார். விடுதலை பெற்றோருக்கோ, நாட்டைவிட்டு ஹெயிட்டிக்கோ லைபீரியாவுக்கோ சென்றாற்றான் ஆளுக்கு 100 டொலர் வரை கிடைக்கும். 1863 டிசம்பர் 2 இல் சிலை உச்சிக்கு ஏற்றப்பட்டபோது ரீட் சுதந்திர மனிதர்.

இன்று அம்மாளிகையின் பார்வையாளர் மண்டபத்துக்கு விடுதலை மண்டபம் என்று பெயர். ரீட் பிரித்தெடுத்த அதே சாந்து மாதிரியுரு அங்கே நிற்கிறது. பழைய கட்டடத்து மணற்கல் ஒன்று 2012 இல் அடிமை உழைப்பின் நினைவாக அங்கே நிறுவப்பட்டது. இது நல்ல காரியமே. ஆயினும் பெயரும் கல்லும் சேர்க்கப்பட்டவுடன் கணக்குத் தீர்ந்துவிட்டதெனக் கொள்ளலாமா? இக்கேள்விக்கு விடை காண நாம் இரண்டாவது சின்னத்திடம் செல்லவேண்டும்.

கப்பிட்டலுக்குக் கிழக்கே, லிங்கன் பூங்காவில், 1876 இல் திறக்கப்பட்ட விடுதலை நினைவுச்சின்னம் உள்ளது. 1865 இல் லிங்கன் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும், முன்னாள் அடிமையான சார்லட் ஸ்கொட் என்ற பெண் தாம் சுதந்திரப் பெண்ணாக உழைத்துச் சம்பாதித்த 5 டொலரை நினைவுச்சின்னத்துக்கென முதலிற் கொடுத்தார். கறுப்பினப் படைவீரரும் விடுதலை பெற்ற ஏனைய மக்களும் தொடர்ந்து கொடுத்தனர். பீடத்துக்கு மாத்திரம் காங்கிரஸ் 3,000 டொலர் உதவிற்று. பணம் அவர்களுடையது; அதனை நிருவகித்ததோ சென் லூயி நகரத்து வெள்ளையரின் தரும நிறுவனம். என்ன உருவம் அமையவேண்டும் என்று கொடுத்தவர்களை எவரும் கேட்கவில்லை.

விளைவு யாது? தோமஸ் போல் என்ற சிற்பியின் படைப்பிலே லிங்கன் நிமிர்ந்து நின்று கையை நீட்டுகிறார். அவர் காலடியில், அறுந்த விலங்கோடு, அரையாடை மாத்திரம் உடுத்த கறுப்பின மனிதன் முழந்தாளிட்டிருக்கிறான். அவன் எழுந்திருக்கிறானேயன்றி மண்டியிடவில்லை என்று வாதிடுவோர் உளர். ஆயின், இவ்வுருவத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. 1787 இல் இங்கிலாந்திலே வெட்ஜ்வூட் மட்பாண்டச்சாலை வெளியிட்ட பதக்கத்தில் கைகூப்பி இரக்கும் அடிமையின் வழித்தோன்றலே இவன். நல்லெண்ணமுடையோர் படைத்த உருவந்தான் அதுவும். இரங்குவோன் மேலே, இரக்கப்படுவோன் கீழே என்ற அமைப்பை அது நிலைநிறுத்திவிட்டது.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. முழந்தாளிட்டவனின் முகத்துக்கு மாதிரியாயிருந்தவர் ஆச்சர் அலெக்சாந்தர். மிசூரி மாநிலத்திலே எதிரிகள் பாலமொன்றைப் பழுதாக்கி வைத்திருப்பதை வடபுலப் படையினருக்கு அறிவித்தவர் என்றும், பின் எஜமானிடமிருந்து தப்பியோடியவர் என்றும் அவரைப் பற்றிய நூல் கூறும். தன்னைத் தானே விடுவித்துக்கொண்ட ஒருவரின் முகத்தை எடுத்து, பிறர் விடுவிக்கக் காத்திருக்கும் உடலிலே பொருத்தியிருக்கிறார்கள்! அக்காலத்தில் வேறு விதமாகச் சிந்திக்க இயலாதிருந்தது என்றும் சொல்லமுடியாது. ஹரியட் ஹொஸ்மர் என்ற பெண் சிற்பி, அடிமை நிலையிலிருந்து துப்பாக்கி ஏந்திய படைவீரன் வரை கறுப்பின மக்களின் வளர்ச்சியைக் காட்டும் திட்டமொன்றை முன்வைத்திருந்தார். செலவு மிகுதி என்று அது கைவிடப்பட்டது.

திறப்பு விழாவிலே, ஜனாதிபதி கிராண்ட் முன்னிலையில் உரையாற்றியவர் பிரெடரிக் டக்ளஸ். இளமையில் அடிமையாயிருந்து தப்பி, அந்நூற்றாண்டின் மாபெரும் பேச்சாளருள் ஒருவராக உயர்ந்தவர். லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் ஜனாதிபதியே, கறுப்பின மக்கள் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போன்றோரே என்று அவ்விழா மேடையிலேயே அவர் துணிந்து கூறினார். அதே உரையில் லிங்கனின் பெருமையையும் மறைக்காது எடுத்துரைத்தார். சில நாட்களின் பின் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கடிதத்திலே சிலையின் உருவத்தையே அவர் விமர்சித்தார். கறுப்பின மனிதன் விலங்குபோல் முழந்தாளிட்டிராது மனிதனாக நிமிர்ந்து நிற்கும் சிலையொன்றைத் தாம் இறக்குமுன் காண விரும்புவதாகவும், பூங்காவில் அதற்கு இடமுண்டு என்றும் எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மறக்கப்பட்டுக் கிடந்த அக்கடிதம் 2020 இலேயே மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

பீடத்திலுள்ள வெண்கலப் பட்டயம் சார்லட் ஸ்கொட்டின் பெயரையும் அவரது 5 டொலரையும் வெளிப்படையாகக் கூறுகிறது. ஆகவே இங்கே பெயர் மறைக்கப்படவில்லை. பொருளும் விடுதலையே. எனினும் வழியிற் போகிறவன் பட்டயத்தை வாசிப்பதில்லை, உருவத்தையே பார்க்கிறான். கொடுத்தவர்கள் அங்கே பெற்றவர்களாகக் காட்சியளிக்கின்றனர். சின்னத்துக்குப் பணம் தந்தவரும் வேலை செய்தவரும் யாவர் என்று கேட்பதோடு, அதன் உருவத்தைத் தீர்மானித்தவர் யார் என்றும் கேட்க வேண்டியது இதனாலேயே.

மூன்றாவது, லிங்கன் மண்டபம். 1922 மே 30 இல் அது திறக்கப்பட்டபோது கறுப்பின விருந்தினர் பிரித்து வைக்கப்பட்ட பகுதியில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் சார்பிற் பேசிய டஸ்கீகி கல்விநிலைய அதிபர் றொபேட் மோட்டனின் உரையிலிருந்த கூரிய பகுதிகள், முன்கூட்டியே வெட்டப்பட்டன. சிலையின் பின்னால் பொறித்த வாசகம் ஒன்றியத்தைக் காத்தமையைப் புகழ்கிறது. அடிமை முறை பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பக்கச் சுவரிலுள்ள லிங்கனின் சொந்த உரைதான் அக்குறையைச் சிறிது தீர்க்கிறது.

அம்மண்டபத்தின் பொருளை மாற்றியவர்கள் சிற்பிகளல்லர். நிறம் காரணமாக வாஷிங்டனின் பெரிய சங்கீத மண்டபம் மறுக்கப்பட்ட பாடகி மரியன் அண்டர்சன், 1939 ஏப்ரல் 9 இல் அதன் படிகளில் நின்று 75,000 மக்கள் முன்னே பாடினார். 1963 ஆகஸ்ட் 28 இல் தொழிலுக்கும் சுதந்திரத்துக்குமாக ஊர்வலம் வந்த இரண்டரை லட்சம் மக்கள் அங்கே கூடினர். மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய இடம் 2003 இல் கல்லிலே குறிக்கப்பட்டது. ஒன்றியத்தின் கோயிலாகக் கட்டப்பட்ட மண்டபம் உரிமைப் போராட்டத்தின் களமாயிற்று. கல்லின் உருவம் அப்படியே இருக்க, மக்கள் கூட்டம் அதற்குப் புதிய பொருளைத் தந்தது.

லிங்கன் பூங்காவின் சிலையை அகற்றவேண்டும் என்ற குரல் 2020 இல் வலுத்தது. பொஸ்ரன் நகரிலிருந்த அதன் பிரதி அவ்வாண்டு டிசம்பரில் அகற்றப்பட்டது. வாஷிங்டனிலோ, முன்னோர் கொடுத்த பணத்தால் எழுந்த சின்னம் என்று அதனைக் காக்க முன்வந்தோருள் கறுப்பின மக்களும் இருந்தனர். இருசாராரின் உணர்வும் மதிக்கத்தக்கதே. எனினும் டக்ளஸ் காட்டிய வழியே மேலானது என்பது எமது கருத்து. சிலையைப் பெயர்த்துவிட்டால் கொடுத்தவர்களின் தியாகமும், அவர்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பும் ஒருங்கே மறைந்துவிடும். அதன் எதிரே நிமிர்ந்த உருவம் ஒன்று நின்றால் இரண்டும் பேசும்.

அவ்விருப்பம் ஓரளவு நிறைவேறியும் உள்ளது. 1974 இல் அதே பூங்காவில் மேரி மக்லியொட் பெத்யூனின் சிலை எழுந்தது. 1904 இல் புளோரிடாவிலே கறுப்பினச் சிறுமியருக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆசிரியை அவர். சிலையை எழுப்பியதும் அவர் நிறுவிய கறுப்பினப் பெண்கள் சங்கமே. கைத்தடியூன்றி நிமிர்ந்து நிற்கும் அவர் சிறுவர் இருவருக்குத் தம் மரபுரிமையைக் கையளிக்கிறார். லிங்கன் சிலை அவரை நோக்குமாறு திருப்பி வைக்கப்பட்டது.

வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. அடிமைகளை விடுவித்தவர் லிங்கன் என்ற ஒற்றை வாக்கியத்தை மாணவர் மனனஞ்செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். அவ்வாக்கியமும் முழந்தாளிட்ட ஓர் உருவமே: எழுவாயாக ஒருவர் நிற்க, இலட்சக்கணக்கானோர் செயப்படுபொருளாகக் கீழே கிடக்கின்றனர். தப்பியோடியவர், படையிற் சேர்ந்தவர், 5 டொலர் கொடுத்தவர், உலைநெருப்பைக் காத்தவர் ஆகியோரை அவ்வாக்கியத்தின் எழுவாயாக்கி எழுதுவதற்கு மாணவரைப் பழக்குவோமாக.