துள்ள வேண்டிய வில்

ஸ்பிட்ஃபயர் சேம்பர் ஸ்ட்ரிங்ஸ் என்ற சாம்பிள் லைப்ரரியில் ஸ்பிக்காட்டோவை, அதாவது துள்ளும் வில்லை, ஒற்றை ஒற்றை நோட்டாகத் தட்டிக் கேளுங்கள். முதல் வயலினில் நாலே பேர், மற்ற வரிசைகளில் மும்மூன்று பேர். லண்டனில் தேவாலயமாக இருந்த ஏர் லிண்ட்ஹர்ஸ்ட் கூடத்தில் பதிவானது. வில்லின் முடி தந்தியில் உரசும் மெல்லிய சத்தம், சுரம், வில் எழுந்துவிட்ட பிறகும் கூடம் தாங்கி நிற்கும் டெயில். எனக்கு அந்த டெயில்தான் உயிர். அதை வெட்டிவிட்டு மேலே ரிவெர்ப் ஊற்றுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை.

பெரிய வரிசை வேண்டும் என்பது ஒரு கட்சி. ‘தி டார்க் நைட்’ வகை ஓட்டத்துக்கு அது பொருந்தும். மெண்டல்சன் 1826-இல், பதினேழு வயதில் எழுதிய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஓவர்ச்சருக்குப் பொருந்தாது. ஆரம்பத்தில் ஊதுகருவிகளின் நாலு கார்டுகள் முடிந்ததும் வயலின்கள் நாலாகப் பிரிந்து பியானிசிமோவில் ஓடும். பெரிய லைப்ரரியில் போட்டால் அந்த நாலு வரியிலும் முழு வரிசையும் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் லேசு எங்கிருந்து வரும்?

ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வராமல் மாற்றிவிடும் ரவுண்ட் ராபின், மெஷின் கன் சத்தத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். ஹியூமனைஸ் பட்டனோ காரணமில்லாமல் கலைக்கும். வாசிப்பவர் கையின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் உண்டு. நாலு சிக்ஸ்டீன்த் நோட்டில் முதலாவது கீழ்வில், கொஞ்சம் கனமாக விழும். இரண்டாவது அடங்கும். மூன்றாவது லேசாக எழும். நாலாவது அடுத்த அடியை நோக்கிச் சாயும். நான் வெலாசிட்டியை 72, 50, 60, 54 என்று வைத்துத் தொடங்குவேன். தந்தி தாண்டும் இடத்தில் மட்டும் நோட்டை மயிரிழை பின்தள்ளுவேன். பெரும்பாலான லைப்ரரிகளில் நூறைத் தாண்டினால் அடிதான் கேட்கும், துள்ளல் கேட்காது. வேகம் கூடக்கூடக் கை வில்லைத் தூக்குவதில்லை. வில் தானாகவே துள்ளும், முடி தந்தியை விட்டு அதிகம் விலகாது. நிதானமாக வாசித்துப் பதிந்த அதே சாம்பிளை வேகமான இடத்திலும் அப்படியே ஓட்டினால் காது நம்பாது.

சென்னை ஸ்டுடியோக்களில் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசித்த காலத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘ஹவ் டு நேம் இட்’ (1986) ஆல்பத்தில் வி.எஸ். நரசிம்மனின் வில்லைக் கேட்டவர்களுக்கு அடுத்தடுத்த இரண்டு நோட்டுகள் ஒன்றுபோல இருக்காது என்பது தெரியும். இன்றைய பின்னணி இசையில் ஒரு பாரை அடித்து, முப்பத்திரண்டு பாருக்கு ஒட்டி, குவான்டைஸ் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவசரம் புரிகிறது. ஆனால் அந்த ஒரு பாரையாவது கையால் எழுதக்கூடாதா?

பட்ஜெட் இல்லை என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாம்பிள் வரிசைக்கு மேல் ஒரே ஒரு வயலின்காரரை அழைத்து முதல் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். சம்பளத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.