காலில்லாதது எல்லாம் பாம்பா?

“கால்கள் இல்லாத ஊர்வன பாம்புகள்” என்று பள்ளியில் படித்தவர்கள் நம்மில் பலர். இந்த எளிய வரி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? ‘டிபாமிடே’ என்னும் குடும்பத்தின் வகைப்பாட்டு வரலாற்றைச் சற்று உரசிப் பார்ப்போம், வாசகர்களே!

1839இல் பிரெஞ்சு அறிஞர்கள் டுமேரிலும் பிப்ரானும் நியூகினித் தீவின் உயிரி ஒன்றுக்கு ‘டிபாமஸ்’ எனப் பெயரிட்டனர். ‘இருகாலி’ என்பது இதன் பொருள். ஆண் விலங்குக்குப் பின்கால்களின் எச்சமாக இரு சிறு மடல்கள் உண்டு. 1858இல் ஆஸ்திரியக் கப்பலான ‘நொவாரா’ சென்னைக்கு வந்தது. மூலக்கொத்தளத்துக்குக் கிழக்கே இன்று நாம் காணும் துறைமுகம் அப்போது இல்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளே ஆட்களைக் கரைசேர்க்கும். இங்கிருந்து அக்கப்பல் நிக்கோபார் தீவுகளுக்குச் சென்றது. அப்பயணத்தின் ஊர்வன நூல் 1867இல் வெளிவந்தபோது நிக்கோபார் இனத்துக்கு வைத்த பெயர் ‘ரைனோஃபிடியான்’. மூக்கு, பாம்பு என்னும் கிரேக்கச் சொற்களின் கூட்டு அது! ஒரே பேரினம், ஒரு பெயரில் கால், மறு பெயரில் பாம்பு.

1884இல் பெளலஞ்சர் இவற்றைத் தனிக் குடும்பமாக்கினார். வெளித்தோற்றத்தைவிட மண்டையோடு போன்ற உள்ளமைப்புகளே முக்கியம் என்ற அவரது கொள்கை பாராட்டத்தக்கது. ஆயினும் மெக்சிகோவின் குருட்டு இனமொன்றை ஆப்பிரிக்காவின் காலில்லா இனங்களோடு சேர்த்து அவர் வேறொரு குடும்பம் அமைத்தது பொருந்தவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர் எல்லாருக்கும் தோளில் காய்ப்பு இருக்கும். அதனால் அவர்கள் உடன்பிறந்தோர் ஆகிவிடுவார்களா? மண்ணுக்குள் வாழும் வாழ்க்கை பல குலங்களில் தனித்தனியே காலையும் கண்ணையும் குறைத்திருக்கிறது. 1985இல் கிரீர் என்பவர் மெக்சிகோ இனத்தின் நெருங்கிய உறவு டிபாமஸே என்று காட்டினார். ஆப்பிரிக்க இனங்கள் இன்று அரணைக் குடும்பத்தில் உள்ளன.

டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தபின்னும் வழக்கு முடியவில்லை. பல ஆய்வுகள் டிபாமிடேயைச் செதிலுள்ள ஊர்வனவற்றின் அடிக்கிளையில் வைக்கின்றன. சில, பல்லிகளுக்கு அருகே வைக்கின்றன.

நம் நூல்களிலும் குறை உண்டு. தமிழில் பல்லி, அரணை, ஓணான், உடும்பு என்று தனித்தனிப் பெயர்கள் இருக்க, அனைத்தையும் ‘பல்லிகள்’ என்று எழுதிவிடுகிறோம். “இமையும் காதுத் துளையும் இருந்தால் பாம்பன்று” என்ற விதியையும் சேர்க்கிறோம். டிபாமஸின் கண்ணைச் செதில் மூடியிருக்கிறது. காதுத் துளையும் இல்லை. இவ்விதியை நம்பும் மாணவன் அதையும் பாம்பென்றே சொல்வான்; தடியெடுத்து அடிக்கவும் கூடும். அதற்கோ நஞ்சு இல்லை.

ஆசிரியர்களே, இனி இப்பாடத்தை நடத்தும்போது ஓர் உறுப்பு இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். தாடையும் மண்டையோடும் எப்படி அமைந்துள்ளன என்று மாணவர்களைக் கேட்க வையுங்கள்.