முகத்தை வாசித்தல்

கரண் ஜோஹரின் 'மை நேம் இஸ் கான்' (2010) திரைப்படத்தை லிங்கநகர் வீட்டில் அண்மையில் மறுபடி பார்த்தேன். ஒரு முஸ்லிமின் கதையாகவே அதை நாம் பேசிவந்தோம். அஸ்பேகர் நிலையுடைய ஒருவனின் கதையும் அதுவே என்பது பின்னுக்குப் போய்விட்டது.

தொடக்கத்தில் ரிஸ்வான் கான் விமான நிலையத்தில் தடுக்கப்படுகிறான். எவர் கண்ணையும் நேராகப் பாராமை, ஓயாத முணுமுணுப்பு, வேறான நடை ஆகியவற்றை அதிகாரிகள் குற்றத்தின் அடையாளமாக வாசிக்கின்றனர். அவனும் மனிதர்களை வேறுவிதமாகவே வாசிக்கிறான். மகனை இழந்த மந்திரா, 'நான் பயங்கரவாதி அல்ல' என்று ஜனாதிபதியிடமே போய்ச் சொல்லும்படி ஆத்திரத்தில் கத்துகிறாள். நமக்கு அது துயரத்தின் வெடிப்பு. அவனுக்கோ ஏற்றுக்கொண்ட கடமை. புறப்பட்டுவிடுகிறான். அவனது துக்கம் முழுவதும் அந்தப் பயணத்தில் இருக்கிறது.

ஓட்டிசமுடையோர் பிறர் உணர்வை விளங்கமாட்டார்கள் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. தானும் ஓட்டிசமுடையவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், விளங்காமை இருபக்கமும் உண்டு என 2012இல் எழுதினார். ஆனால் விலை கொடுப்பது ஒரு பக்கம்தான்.

2020 மே மாதம் தர்கா நகரில் சைக்கிளில் போன ஓட்டிசமுடைய 14 வயது முஸ்லிம் சிறுவன் சோதனைச் சாவடியில் பொலிஸாரால் தாக்கப்பட்டான். கண்காணிப்புக் கமரா அதைப் பதிவுசெய்திருந்தது. அதே மாதம் 30ஆம் திகதி, ஜெரூசலத்தில் ஓட்டிசமுடைய இயாத் அல்-ஹல்லாக் (32) அஞ்சி ஓடினார். அந்த அச்சத்தைக் குற்றமென வாசித்த இஸ்ரேலியப் பொலிஸார் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

படத்தின்மீது என் மனக்குறை இங்கேதான். வெள்ளத்தில் சிக்கிய ஊருக்குத் துணைநின்று நாடறிந்தவனான பிறகே கானை உலகம் சரியாக வாசிக்கிறது. தர்கா நகர்ப் பிள்ளை எந்த வெள்ளத்தில் எவரைக் காப்பாற்றுவது?

யுத்தகாலச் சாவடிகளில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று திருகோணமலையில் நாம் பழகினோம். ஓட்டிசமுடையோர் பலர் வீட்டிலும் பள்ளியிலும் அதை நாள்முழுதும் செய்கிறார்கள்.

இதில் நம் கதைகளுக்கும் பங்குண்டு. மையத்து வீட்டில் அழாதவன் கல்நெஞ்சன், கண்பார்த்துப் பேசாதவன் கள்ளன் என்றே எழுதிப் பழகிவிட்டோம். சாவடியில் நிற்பவனின் வாசிப்பும் இதுவே. இனி ஒரு கதையில், மையத்து வீட்டு முற்றத்தில் ஒருவன் கதிரைகளைத் திரும்பத் திரும்ப வரிசைப்படுத்திக்கொண்டிருந்தால், அதுவும் அழுகைதானா என்று எழுதுகிறவர் சற்று நின்று பார்க்கட்டும்.