பூனை எதைப் பார்க்கிறது?

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரிக்குக் குழந்தைகளோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவு இலவசம். இம்மாதிரி இடங்களில் குழந்தைகளுக்காக ஒரு மிருக வேட்டை வைப்பது வழக்கம். குதிரை எங்கே, புலி எங்கே என்று தாளும் பென்சிலுமாக அறை அறையாக அலைய வேண்டும். கண்டுபிடித்தால் ஒரு டிக்.

நல்ல யோசனைதான். 'எதையும் தொடாதே, பேசாம வா' என்று அதட்டுவதற்கு எவ்வளவோ மேல். ஸ்டப்ஸ் வரைந்த 'விசில்ஜாக்கெட்' என்கிற குதிரை ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். பின்னணியில் மரம், மட்டை ஒன்றும் கிடையாது. வெறும் குதிரை. பெரியவர்களே வாய் பிளப்பார்கள். ஆன்றி ரூஸோவின் புயல்காட்டுப் புலி (1891) இன்னொரு வேடிக்கை. மனுஷர் காட்டையே பார்த்ததில்லை. எல்லாம் பாரிஸ் தாவரத் தோட்டத்து உபயம்!

சிக்கல் அந்த டிக்கில்தான். போட்டதும் பையன் அடுத்த அறைக்கு ஓடிவிடுகிறான்.

ஹோகார்த்தின் 'கிரஹாம் குழந்தைகள்' (1742) படத்தில் ஒரு பூனை. டிக்? கொஞ்சம் பொறுங்கள். நாலு குழந்தைகள், பட்டு உடை, சிரிப்பு. பையன் ஒரு சின்ன இசைப்பெட்டியைச் சுற்றுகிறான். தன் சங்கீதத்துக்குத்தான் கூண்டுக் குருவி துள்ளுகிறது என்று அவன் நினைப்பு. அவனுக்குப் பின்னால், நாற்காலி முதுகில் தொற்றிக்கொண்டு பூனை கூண்டையே முறைக்கிறது. குருவி பாடவில்லை ஸார், பதறுகிறது. இடது ஓரத்துக் கைக்குழந்தை, படம் முடிவதற்குள் நிஜத்தில் இறந்துபோனது. அதன் பக்கத்துக் கடிகாரத்தின் மேல் அரிவாளோடு ஒரு பொம்மை.

'குழந்தைகளிடம் போய் இதையெல்லாமா?' என்பீர்கள். ஜோசப் ரைட் தயங்கவில்லை. அவருடைய 1768-ம் வருஷப் படமும் இங்கேதான். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வெள்ளைக் காக்கட்டூ. காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். இரண்டு சிறுமிகளில் ஒருத்தி கண்ணை மூடிக்கொள்கிறாள். மற்றவள் அண்ணாந்து பார்க்கிறாள். விஞ்ஞானியின் கை வால்வில், கண் நம் மேல். திறப்பாரா? ரைட் சொல்லவில்லை.

'அது செத்துடுமாப்பா?' என்று உங்கள் பெண் கேட்டால் பதில் தெரியாமல் விழிப்பீர்கள். பரவாயில்லை. அவள் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டாள். முப்பது டிக்குக்கு இது கிடைக்காது. பயமில்லாத மிருகங்களாகப் பொறுக்கிக் கொடுக்கிற தாள்கள் அவளைக் குறைத்து மதிப்பிடுகின்றன என்பதே என் புகார்.

போனால் மூன்றே மிருகங்கள் போதும். பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு, 'அது எதைப் பாக்குது?' என்று மட்டும் கேளுங்கள்.